நிறுவைக்கும் செய்திக்கும் நடுவே

(கிளிநொச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தரவுத்தளங்களைப் பற்றிப் பேசுவேன் என்று அறிவித்திருந்தார்கள். பேசத்தான் போகிறேன். ஆனால் ஒரு நெற்களஞ்சியத்தின் வாசலில் இருந்துதான் தொடங்கவேண்டும். இந்த விடயத்தை எனக்குப் படிப்பித்தது அந்த வாசல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், வன்னியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நெற்கொள்வனவு நிலையத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். பிழை முழுவதும் என்னுடையது. காலபோக அறுவடை நடக்கும் மாசி மாதம். விவசாயி நெல்லைக் கொண்டுவருவார். மூட்டைகளைத் தராசில் ஏற்றுவார்கள். ஈரப்பதன் பார்க்கும் கருவியில் ஒரு பிடி நெல்லைப் போடுவார்கள். 14 வீதத்துக்குள் நின்றால் சரி. பிறகு எழுதுவினைஞர் கணினியில் ஒரு வரி பதிவார்: யாருடைய நெல், நாடா, சம்பாவா, கீரிச் சம்பாவா, எத்தனை கிலோ, ஈரப்பதன் எவ்வளவு.

அந்த ஒரு வரி பதிந்த கணத்தில் உள்ளுக்குள் ஐந்து வேலைகள் தாமாக நடக்கும்படி செய்துவைத்திருந்தேன். களஞ்சிய இருப்புக் கூடும். விவசாயி வாங்கிய பசளைக் கடன் கழியும். யார், எப்போது பதிந்தார் என்று தனிப் புத்தகத்தில் ஒரு குறிப்பு விழும். ஈரப்பதன் கூடினால் முகாமையாளருக்குத் தகவல் போகும். கடைசியாக, விவசாயியின் கைத்தொலைபேசிக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போகும்: உங்கள் நெல் இத்தனை கிலோ, உங்களுக்குச் சேரவேண்டியது இவ்வளவு. எல்லாவற்றையும் ட்ரிகர்களாக எழுதியிருந்தேன். அப்போது அதைப் பெரிய திறமை என்று நினைத்தேன்.

ட்ரிகர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரவுத்தளத்தில் ஓர் அட்டவணைக்கு நாம் கொடுக்கும் நிலையான கட்டளை அது. 'இந்த அட்டவணையில் ஒரு வரி சேர்ந்தால், மாறினால், அழிந்தால், உடனே இதைச் செய்' என்பதுதான் அதன் வடிவம். யார் பதிந்தாலும், எந்த மென்பொருள் வழியாகப் பதிந்தாலும் அது நடந்தே தீரும். அதுதான் அதன் பலம். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ட்ரிகர் செய்யும் வேலையும் அந்த வரியைப் பதிவதும் ஒரே கொடுக்கல்வாங்கலுக்குள் நடக்கின்றன. ட்ரிகர் முடியும்வரை பதிவு முடியாது. ட்ரிகர் தவறினால் பதிவும் இல்லாமற்போகும்.

ஒருநாள் மத்தியானம் தொலைபேசி வலையமைப்பு தளர்ந்துபோயிற்று. செய்தி அனுப்பும் சேவையைத் தரவுத்தளம் கூப்பிட்டது, பதில் வரவில்லை, காத்துக்கொண்டு நின்றது. எழுதுவினைஞர் பொத்தானை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் கழித்துப் பிழை என்று வந்தது. நிறுத்த நெல், இருப்புக்கணக்கு, கடன் கழிவு எல்லாம் சேர்ந்து அழிந்தன. திரும்பப் பதிந்தார்; திரும்ப அழிந்தது. வெளியே உழவு இயந்திரங்கள் பெட்டியோடு வீதிவரை நின்றன. மேலே வெயில், ஒரு பக்கம் மழை வருமோ என்ற பயம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

வரிசையில் நின்ற ஓர் ஐயா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, நெல்லு நிறுக்கிறதுக்கும் போனுக்கு மெசேஜ் போறதுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டையும் ஏன் ஒரே கயித்தில கட்டி வைச்சிருக்கிறீர்?"

அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு உங்கள் முன் விரிக்கிறேன்.

அவருக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. செய்தி அனுப்பும் ட்ரிகரை நீக்கிவிட்டு நிறுவையைத் தொடரச் செய்தேன். அதே பருவத்தில் இன்னொன்றும் நடந்தது. முந்திய பருவத்தின் பழைய கொப்பிகளையும் கணினியில் ஏற்றவேண்டும் என்று முகாமையாளர் விரும்பினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள். ஏற்றினால் ஒவ்வொரு வரிக்கும் ட்ரிகர் பாயும். போன வருடம் விற்ற நெல்லுக்கு இந்த வருடம் கடன் கழியும். நான் பாவித்தது மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம். அதில் ஒரு ட்ரிகரைச் சற்றுநேரம் தூங்கவைக்க வழியில்லை. அழிக்கவேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப எழுதவேண்டும். அழித்து வைத்திருக்கும் நேரத்தில் வாசலில் ஒருவர் புதிதாக நெல் நிறுத்தால் அவருடைய கணக்கில் ஒன்றும் நடக்காது. ஆகவே எல்லோரும் வீட்டுக்குப் போனபின், இரவில் விழித்திருந்து அந்த வேலையைச் செய்தேன். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் ட்ரிகரை நிறுத்திவைத்துப் பிறகு இயக்க ஒரு கட்டளை உண்டு. அதுவும் அட்டவணை முழுவதற்கும், எல்லாருக்கும் சேர்த்துத்தான் நிற்கும்.

ட்ரிகரின் இயல்பு தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும். 1987இல் வந்த சைபேஸிலும் 1992இல் வந்த ஒராக்கிள் 7இலும் அவரவர் பாணியில் ட்ரிகர் இருந்தது. 1999இல்தான் எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியின் நியமத்துக்குள் வந்தது. அதனால் இன்றும் ஒரு தரவுத்தளத்துக்கு எழுதிய ட்ரிகர் இன்னொன்றில் அப்படியே ஓடாது. மைஎஸ்கியூஎல்லில் 2015வரை, அதாவது 5.7 பதிப்பு வரும்வரை, ஓர் அட்டவணையில் ஒரே நிகழ்வுக்கு ஒரே வேளையில் ஒரேயொரு ட்ரிகர்தான் வைக்கலாம். நான்கு வேலை வேண்டுமென்றால் நான்கையும் ஒரே ட்ரிகருக்குள் திணிக்கவேண்டும். அப்படித் திணித்து எழுதிய ஒரு ட்ரிகரைப் பிறகு வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

இப்போது குளத்துக்கு வருவோம். வன்னியில் இருந்துகொண்டு இதைக் குளத்தை வைத்து விளங்கப்படுத்தாமல் வேறெதை வைத்து விளங்கப்படுத்துவது?

நம்முடைய சின்னக் குளங்களில் கட்டின் ஓர் ஓரத்தில் கல்லாலோ கொங்கிறீட்டாலோ கட்டிய வான் இருக்கும். அதற்குக் கதவு கிடையாது. தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டால் வான் பாயும். யாரையும் கேட்காது. கீழே வயலில் அறுவடை கிடக்கிறதா, அடுத்த குளம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. கட்டை உடையாமல் காப்பதுதான் அதன் வேலை. அதைச் சரியாகச் செய்யும். அதுதான் ட்ரிகர்.

இரணைமடுவில் அப்படியில்லை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய பெருங்குளம், 14 வான்கதவுகள். எந்தக் கதவை, எத்தனை அங்குலம், எப்போது திறப்பது என்பதை மனிதர்கள் தீர்மானிக்கிறார்கள். துருசு வழியாக வயலுக்குப் போகும் தண்ணீர் அதைவிட விரிவான ஏற்பாடு. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் மாவட்டச் செயலாளர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. நீர்ப்பாசனத் திணைக்களத்தார், கமநல சேவை அலுவலர்கள், கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் இருந்து பேசி, இந்தச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தத் திகதியோடு நிறுத்துவது என்று முடிவெடுக்கிறார்கள். அடுத்த வருடம் அந்த முடிவு மாறும். குளம் மாறுவதில்லை. தண்ணீர்த் திகதியை யாரும் கட்டின் சீமெந்தில் எழுதி வைப்பதில்லை.

நான் சீமெந்தில் எழுதிவிட்டேன். விவசாயிக்குச் செய்தி போகவேண்டும் என்பதும், முகாமையாளருக்கு எந்த ஈரப்பதனில் தகவல் போகவேண்டும் என்பதும் கூட்டம் கூடி மாற்றவேண்டிய முடிவுகள். அவற்றைத் தரவுத்தளத்தின் கட்டுக்குள் வைத்துப் பூசிவிட்டேன்.

இதற்கு வழி, தரவுத்தளத்துக்கும் அந்தச் செயல்களுக்கும் நடுவே ஓர் இடைநிலைச் செய்நிரலை வைப்பது. தரவுத்தளம் ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: 'இது நடந்தது.' நடந்ததற்கு என்ன செய்வது என்பதை நடுவில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். இந்த எண்ணம் புதிதல்ல. 'நிகழ்வு, நிபந்தனை, செயல்' என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1980களின் பிற்பகுதியிலேயே ஆராய்ச்சியாளர்கள் வகுத்துவிட்டார்கள். இன்ன நிகழ்வு நடந்து, இன்ன நிபந்தனை பொருந்தினால், இன்ன செயல். 1999இல் லிஜுவான் லீயும் சர்மா சக்கரவர்த்தியும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். சைபேஸ் மென்பொருளின் உள்நிரலை மாற்றாமல், பாவனையாளருக்கும் அதற்கும் நடுவே ஒரு முகவரை நிறுத்தினார்கள். நீங்கள் விரிவான விதி ஒன்றை எழுதினால் முகவர் அதை வாங்கி, தரவுத்தளத்துக்கு விளங்கக்கூடிய சாதாரண ட்ரிகராகத் தானே எழுதிப் போடும். அந்தச் சின்ன ட்ரிகர் செய்யும் வேலை முகவருக்குத் தகவல் சொல்வது மட்டுமே. விதிகள் முகவரிடம் இருந்தன. மூன்று நிகழ்வுகள் வரிசையாக நடந்தால்தான் செயற்படவேண்டும் என்பது போன்ற, சாதாரண ட்ரிகருக்கு எட்டாத விதிகளையும் அது கையாண்டது.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய வேலை நடந்திருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக் கணினி மாணவர்கள் சிலர் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக ஒரு மென்பொருளைத் தொடங்கினார்கள். பெயர் 'சித்தி'. சிங்களத்தில் அதற்கு நிகழ்வுகள் என்று பொருள். நமக்குச் சித்தி என்றால் பரீட்சையில் தேறுவது. இரண்டு பொருளும் அதற்குப் பொருந்திற்று என்றே சொல்வேன். 2011இல் வெளிவந்த அதன் ஆய்வுக் கட்டுரைக்கு முதல் ஆசிரியர் சுகோதயன். ஓடிவரும் நிகழ்வுகளைப் பார்த்துக்கொண்டே இருந்து, 'இது நடந்து, பத்து நிமிடத்துக்குள் அதுவும் நடந்தால் சொல்' என்பது போன்ற விதிகளை எஸ்கியூஎல் போன்ற எளிய மொழியில் எழுத அது வழிசெய்தது. இடைநிலை மென்பொருளையே தொழிலாகக் கொண்டு 2005இல் இலங்கையில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் அதைத் தன் பொருள்களுக்குள் எடுத்துக்கொண்டது. ஊபர் நிறுவனமும் பாவித்தது. தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களைக் கேட்டு வாங்கும் இணைப்பும் பின்னர் அதற்கு வந்தது. மாணவர்களே, இறுதியாண்டுச் செயற்றிட்டத்தைப் புள்ளிக்காக மட்டும் செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நடுவில் இருக்கும் செய்நிரலுக்குத் தரவுத்தளம் எப்படித் தகவல் சொல்வது? மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கூப்பிட்டுச் சொல்வது. போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார், தரவுத்தளம் சொல்லும். கொடுக்கல்வாங்கல் உறுதியான பின்புதான் சொல்லும் என்பது நல்ல குணம். ஆனால் சொல்லும் நேரத்தில் கேட்பவர் இல்லையென்றால் செய்தி போனது போனதுதான், திரும்ப வராது. 8000 பைட்டுக்கு மேல் பெரிய செய்தியும் போகாது. அறிவித்தல் மணியாக வைத்துக்கொள்ளலாம். கணக்குப் புத்தகமாக நம்பக்கூடாது.

இரண்டாவது, வெளியே போகவேண்டிய செய்திகளுக்கென்று ஒரு தனி அட்டவணை வைப்பது. தபால் கந்தோரில் போகவேண்டிய கடிதங்களை ஒரு பையில் சேர்ப்பது போல. நெல் வரவைப் பதியும் அதே கொடுக்கல்வாங்கலில், ஒரு சின்ன ட்ரிகர் அந்தப் பையில் ஒரு வரி போடும். அவ்வளவுதான் அதன் வேலை. வெளியுலகத்தை அது தொடாது, ஆகவே காத்திருக்காது. இடைநிலைச் செய்நிரல் சில விநாடிக்கொருமுறை வந்து பையைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, விதிப்படி செய்து, முடிந்ததென்று அடையாளமிடும். வன்னியில் நான் பார்த்த அளவுள்ள நிறுவனங்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, தரவுத்தளம் தனக்காக எழுதிவைக்கும் நாட்குறிப்பை வாசிப்பது. பெரும்பாலான தரவுத்தளங்கள் எந்த மாற்றத்தைச் செய்தாலும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் செய்யும். மின்சாரம் போனால் எழும்புவதற்கு அதுதான் துணை. 2014இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.4இலிருந்து அந்தப் பதிவேட்டை வெளியே உள்ளவரும் வாசித்து விளங்கிக்கொள்ளலாம். மைஎஸ்கியூஎல்லிலும் அப்படியொரு பதிவேடு உண்டு. டெபீசியம் போன்ற மென்பொருள்கள் அதை வாசித்து மாற்றங்களைக் காஃப்கா என்ற செய்திப் பரிமாற்ற மென்பொருளுக்கு அனுப்புகின்றன. இங்கே ட்ரிகரே தேவையில்லை.

விதிகளைச் செய்நிரலுக்குள் எழுதாமல், அவற்றையும் ஓர் அட்டவணையில் வரிகளாக வைத்துவிட்டால் முகாமையாளரே மாற்றலாம். நம்முடைய சுகாதாரத் துறையைப் பாருங்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டிஎச்ஐஎஸ்2 என்ற மென்பொருளை இலங்கை பாவிக்கிறது. அதன் அடியில் இருப்பதும் போஸ்ட்கிரெஸ்தான். 2020 ஜனவரியில், கொரோனா நம்மை எட்டிப்பார்த்த நாள்களில், வெளிநாட்டிலிருந்து வருபவர்களைப் பதிந்து பின்தொடர அந்த மென்பொருளிலேயே இலங்கையர் ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டார்கள். உலகமே அதைப் பார்த்தது. வேறு பல நாடுகள் எடுத்துப் பாவித்தன. அவ்வளவு வேகம் எப்படி வந்தது? காரணங்களில் ஒன்று, அந்த மென்பொருளில் 'இந்த விடை வந்தால் இதைக் காட்டு, இந்த நாள் வந்தால் செய்தி அனுப்பு' என்ற விதிகளைத் திரையிலேயே எழுதலாம். தரவுத்தளத்துக்குள் கை வைக்கவேண்டியதில்லை. நோயைத் தெரிந்தவர் விதியை எழுதினார்.

இன்னொரு விடயம் எனக்கு மிகவும் முக்கியமானது. ட்ரிகருக்கு நடந்ததுதான் தெரியும். நடக்காததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளைக்கு ஊசி போட வரவேண்டிய தாய் வரவில்லை. அந்த நாளில் எந்த அட்டவணையிலும் எந்த வரியும் விழவில்லை. வரி விழாவிட்டால் ட்ரிகர் பாயாது. ஆனால் நமக்கு யாரைத் தெரியவேண்டும்? வந்த பிள்ளையைவிட வராத பிள்ளையைத்தான் தெரியவேண்டும். மழைமானி வைத்திருக்கும் இடத்திலிருந்து ஆறு மணி நேரமாக அளவு வரவில்லையென்றால், அதுவும் ஒரு செய்திதான்; சிலவேளை மிகப் பெரிய செய்தி. 'வரவேண்டியது வரவில்லை' என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் நடுவில் இருக்கவேண்டும்.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் உங்களை ஏமாற்றியதாகும்.

வானுக்குக் கதவு வைத்தால், கதவைத் திறப்பவர் விழித்திருக்கவேண்டும். 2018 டிசம்பர் 21, 22இல் பெய்த பேய்மழையை இந்த அவையில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்தில் அகப்பட்டன. இரணைமடுக் கதவுகளைப் பிந்தித் திறந்தார்களா என்ற கேள்வி எழுந்து விசாரணைவரை போயிற்று. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யாருமல்ல. கதவில்லாத வானைப் பற்றி அப்படியொரு கேள்வி எழுந்திருக்காது என்பதை மட்டும் கவனியுங்கள்.

இடைநிலைச் செய்நிரலும் விழும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்போது தரவுத்தளம் ஒரு கணினியிலும் இடைநிலைச் செய்நிரல் இன்னொன்றிலும் இருந்திருந்தால், இரண்டும் ஒன்றாக எழும்பும் என்று யார் உறுதி சொல்வது? எழும்பும்போது தான் எந்த வரியில் நின்றதென்று அதற்கு நினைவிருக்கவேண்டும். நினைவை வட்டில் எழுதிவைக்கவேண்டும். அப்படி எழுதினாலும், செய்தியை அனுப்பிவிட்டு 'முடிந்தது' என்று குறிப்பதற்குள் மின்சாரம் போனால், எழும்பியதும் அதே செய்தியைத் திரும்ப அனுப்பும். எஸ்.எம்.எஸ். இரண்டுதரம் போனால் பரவாயில்லை. கடன் இரண்டுதரம் கழிந்தால் அது ஒரு குடும்பத்தின் பணம். ஆகவே ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை ஏற்கெனவே முடித்தாயிற்றா என்று பார்த்தபின்தான் எதையும் செய்யவேண்டும்.

பதிவேட்டை வாசிக்கும் மூன்றாவது வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. வாசிப்பவர் வாசித்து முடிக்கும்வரை போஸ்ட்கிரெஸ் பழைய பக்கங்களை எறியாமல் வைத்திருக்கும். வாசிப்பவர் செத்துப்போய், அதை யாரும் கவனிக்காவிட்டால், பக்கங்கள் குவிந்து வட்டு நிரம்பி, தரவுத்தளமே நின்றுவிடும். 2020இல் வந்த 13ஆம் பதிப்பில் இதற்கு ஓர் உச்ச எல்லை போடலாம். போடுங்கள், தானாகப் போட்டிருக்காது.

எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோகவும் கூடாது. இடைநிலைச் செய்நிரல் எப்போதும் ஒரு அடி பின்னால்தான் நிற்கும். பதிவு முடிந்தபின்தான் அதற்குத் தெரியும். ஆகவே பிழையான பதிவை அதனால் தடுக்க முடியாது. நிறை பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது, உறுப்பினரல்லாதவர் பெயரில் கடன் விழக்கூடாது, இருப்பும் வரவும் எந்தக் கணத்திலும் ஒத்திருக்கவேண்டும்: இவை உள்ளேயே இருக்கட்டும். இவை குளத்தின் கட்டு. என் ஐந்து வேலைகளில் இருப்பு, கடன், குறிப்பு மூன்றையும் உள்ளே விட்டேன். மற்ற இரண்டையும் வெளியே எடுத்தேன். கடனைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். விவசாயி கையில் பற்றுச்சீட்டோடு வெளியே போகும்போது அதில் எழுதியிருக்கும் தொகை சரியாக இருக்கவேண்டும் என்பதால் உள்ளேயே விட்டேன். வேறொரு சங்கத்தில் வேறு முடிவு சரியாக இருக்கலாம்.

சிறுபோக அறுவடைக்கு முன் திருத்தி முடித்தேன். செய்திகளுக்கு ஒரு பை, விதிகளுக்கு ஓர் அட்டவணை, நடுவில் நூற்றைம்பது வரிகூட இல்லாத ஒரு செய்நிரல். விதிகளைத் தமிழில் காட்டும் ஒரு திரையும் செய்து கொடுத்தேன். பிறகு இன்னும் சில பழைய கொப்பிகளை ஏற்றும்போது முகாமையாளர், இருப்பையும் கடனையும் ட்ரிகர் தொடாமலிருக்க நான் வைத்திருந்த 'பழைய பதிவு' என்ற குறியை இட்டார். அந்தக் குறியுள்ள வரிகளுக்குச் செய்தி போகவேண்டாம் என்று தானே ஒரு விதி சேர்த்தார். எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னது மறுநாள்தான்.

அந்த ஆவணியில் ஒருநாள் வலையமைப்புத் திரும்பவும் படுத்துவிட்டது. காலை பத்து மணியிலிருந்து பின்னேரம்வரை ஒரு செய்தியும் போகவில்லை. தராசு நிற்கவில்லை. பையில் செய்திகள் சேர்ந்துகொண்டே இருந்தன. பொழுதுபட்டபின் தொடர்பு வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

அடுத்த நாள் அந்த ஐயாவைச் சந்தியில் கண்டேன். செய்தி கிடைத்ததா என்று கேட்டேன்.

"இரவு ஏழு மணிக்குத்தான் தம்பி வந்தது. நான் மத்தியானச் சாப்பாட்டுக்கே வீட்டை போயிட்டன்" என்றார்.